பாசிக் கரையில் ஒரு மறைக்கல்வி வகுப்பு

கேள்வி: பாம்பன் பக்கம், கோவிலிலிருந்து தள்ளி, கடல்பாசி எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வலைக் கொட்டகையில் மறைக்கல்வியும் எழுத்தும் சொல்லித் தருகிறேன். நான் பத்தாவதுதான் படித்தேன். "உனக்கென்ன தகுதி?" என்று அன்பியத்திலேயே (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கூடும் செபக் குழுவிலேயே) கேட்கிறார்கள். பிள்ளைகளும் பாதி வாரம் வருவதில்லை. நோட்டு, சுண்டல் எல்லாம் என் கைக்காசு. நிறுத்திவிடலாமா?
– ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகள் வராதது உங்கள் குறை இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில்தானே அம்மாமார் பாசிக்குப் போவார்கள்? அன்றைக்கு மூத்த பெண்தான் உலை வைப்பாள், தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவளிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். சனிக்கிழமையை விட்டுவிடுங்கள். காலண்டரைப் பார்த்து, அந்த நாட்கள் கழிந்ததும் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் நேரத்தைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. மறைக்கல்வியும் அதற்கு ஒத்துப் போகட்டும்.

தகுதி பற்றிக் கேட்கிறவர்களுக்கு நம் கடற்கரையின் கதையையே சொல்லலாம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த புனித சவேரியார் தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்களுக்கு அதைச் சொல்லித் தந்தது அந்தப் பிள்ளைகள்தான். அவர் அடுத்த ஊருக்குப் போனதும் செபத்தை நடத்த, அந்தந்த ஊர் ஆட்களையே உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி சொல்லித் தருபவராக, வைத்தார். அவர்களுக்குச் சம்பளமும் கேட்டு வாங்கினார். போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போன 4000 பணம் (பணம் என்பது அந்தக் கால நாணயம்) அதற்காகத் திருப்பிவிடப்பட்டது. ஆகவே நோட்டுக்கும் சுண்டலுக்கும் உங்கள் பங்குக் கோவிலில் உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தனை நாள் நீங்கள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் பணியைப் பொதுநிலையினருக்கான (குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கான) திருச்சபைப் பணியாகவே ஏற்படுத்தினார். பெண்களுக்கும் அது உண்டு. அதற்குப் பயிற்சி வேண்டும், ஆயர்தான் தர வேண்டும், சரி. ஆனால் நீங்கள் செய்வதைத் திருச்சபை எவ்வளவு பெரிதாக நினைக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

படிப்பைப் பொறுத்தவரை உங்கள் பயம் நியாயமானது. கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் வற்றிப்போகும். வாரம் ஒரு அதிகாரம் என்று மாற்கு நற்செய்தியைப் படியுங்கள். மொத்தம் 16 அதிகாரம்தான். புரியாததைக் குறித்து வைத்து, பங்குச்சாமியிடமோ கன்னியரிடமோ கேளுங்கள். நான்காம் அதிகாரத்தில் புயலில் படகு தத்தளிக்கும் இடம் வரும்போது, பாசி எடுக்கிற ஒரு அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டு அவர் பார்த்த காற்றைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கோவில் வாசலே மிதிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு நீங்களும் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்து கேளுங்கள். மேற்கொண்டு முறையாகப் படிக்க ஆசை இருந்தால், திண்டிவனத்தில் விவிலியத்துக்கும் மறைக்கல்விக்குமான நடுநிலையம் இருக்கிறது. அங்கே என்ன பயிற்சி கிடைக்கும் என்று பங்குச்சாமி வழியாக விசாரியுங்கள்.

இன்னொன்று, வகுப்புக்குப் பங்குச்சாமியிடம் அனுமதி வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைகளை வைத்து நடத்துகிற காரியம், பங்குக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களும் இதுவரை ஆன செலவும் எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அப்புறம், அவரை ஒரு மாலை கொட்டகைக்கு வரச் சொல்லுங்கள், தண்ணீர் வற்றாத நாளாகப் பார்த்து.