மாற்றியமைத்த அம்பாசடரை மீட்டெடுக்கும்போது வரும் பழுதுகள்: கேள்வி பதில்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த வண்டி. அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பின்னாளில் அதே வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றுவது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவது, டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வைப்பது ஆகியவை நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்ட மாற்றங்கள். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை, புதிய பொருள் பழைய வண்டியோடு சேரும் இடத்திலேயே கிடைத்தது.

கேள்வி (சேலம்): ஐயா, 1974ஆம் ஆண்டு வண்டியில் இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றினேன். 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் தரைத்தகடு முழுவதும் நடுங்குகிறது. சக்கரங்களை இருமுறை பேலன்ஸ் செய்தும் பலனில்லை. இன்ஜின் மவுண்டிங்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளில்லாத நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் இன்ஜினும் மவுண்டிங்கும் குற்றமற்றவை. அடுத்து நடுக்கத்தின் தன்மையைக் கவனியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றும்; ஸ்டீயரிங்கில் எண்ணிவிடக்கூடிய ஆட்டமாக அது தெரியும். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டோ அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் சுற்றுவதால், அதன் குறை தரையிலும் இருக்கையிலும் ரீங்காரமாக வரும். நீங்கள் சொல்லும் அறிகுறி ஷாஃப்டையே காட்டுகிறது.

புதிய கியர் பெட்டியின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து வெட்டிப் பற்றவைத்திருப்பீர்கள். அங்கே மூன்று தவறுகள் நடக்க வாய்ப்புண்டு. ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் மடங்கும் மூட்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்; பற்றவைக்கும்போது சற்றுத் திரும்பினாலோ, சறுக்கு ஜாயின்ட்டைத் திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி ஏறினாலோ, ஒரு கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றொரு கிராஸ் சரிக்கட்டாது. இந்த ஏற்ற இறக்கம் கிராஸின் இயல்பிலேயே உள்ளது: கோணத்தில் வேலை செய்யும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மறுமுனையை வேகப்படுத்தி இருமுறை தாமதப்படுத்துகிறது. 10 பாகைக் கோணத்தில் அந்த வேறுபாடு இரு பக்கமும் ஏறக்குறைய 1.5 சதவீதம். இரண்டாவதாக, வெட்டிய ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்யாமல் மாட்டியிருக்கலாம். மூன்றாவது, பலரும் அளக்காமல் விட்டுவிடுகிற கோணம்.

கியர் பெட்டியின் வெளித்தண்டும் பின் ஆக்சிலின் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் இரு கிராஸ்களின் கோணமும் சமமாகும். இசுசு இன்ஜினுக்குப் புதிதாகச் செய்த தாங்கியில் கியர் பெட்டியின் வால் 10 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருந்தால்கூட இந்தச் சமன் கெட்டுவிடும். வண்டி தன் நான்கு சக்கரங்களில் நிற்கும்போது, கோணமானியை இரு தண்டுகளின் மீதும் ஷாஃப்டின் மீதும் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கி அளந்தால் பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கிப் பொய்க் கணக்குக் கிடைக்கும். ஒவ்வொரு கிராஸிலும் 1 முதல் 3 பாகைவரை இருப்பதும், இரண்டுக்குமான வேறுபாடு 1 பாகைக்குள் அடங்குவதும் நல்லது. கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் தவறு. கிராஸின் ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும். திருத்தத்தைக் கியர் பெட்டித் தாங்கியின் அடியில் தகடு வைத்தோ, பின் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்தோ செய்யலாம். மவுண்டிங்குக்கு வைத்த பணத்தை ஷாஃப்ட் பேலன்ஸுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்ட பிறகு, பத்து கி.மீ. ஓடினால் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் கொதிக்கிறது. ஆறவிட்டால் தானாக விடுகிறது. காலிப்பரை மாற்றியும் அதே நிலை.

பதில்: தயவுசெய்து இதைச் சரிசெய்யும்வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொதித்த பிரேக் எண்ணெயில் ஆவி உண்டானால் பெடல் தரைவரை போய்விடும்.

பெடலை மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்களில், காலை எடுத்த பிறகும் குழாயில் ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு ஒன்று இருப்பது வழக்கம். டிரம்மில் வலுவான ஸ்பிரிங் ஷூவை இழுத்துவிடுவதால் அந்த அழுத்தம் கெடுதல் செய்யாது. டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கும் காலிப்பரில், பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது சதுர வெட்டு ரப்பர் வளையத்தின் நெளிவு மட்டுமே. 10 பி.எஸ்.ஐ.யை அதனால் வெல்ல முடியாது. பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும்.

சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே, கண்ணில் கண்ணாடி அணிந்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீறி வந்து சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டரிலோ பெடலிலோ இருக்கிறது. விடுபடாவிட்டால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளைத் திறங்கள். அப்போது விட்டால் நடுவிலுள்ள ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. அப்போதும் விடாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. மாஸ்டரில் என்று தெரிந்தால், பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது வெற்று இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையெனில் எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூடேறி விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் கிடைக்காது. ஆறினால் விடுகிறது என்று நீங்கள் எழுதியது இதற்கும் பொருந்துகிறது. முடிவான தீர்வு, டிஸ்க்கும் டிரம்மும் கலந்த வண்டிக்கான இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். மாஸ்டர், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு மட்டும் தேவைப்படும்.

கேள்வி (மதுரை): பாடிக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு, ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. சோக் கேபிள் தொட முடியாத அளவு சுடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. ரப்பர் மவுண்டிங்கில் நிற்கும் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே பட்டையான எர்த் கம்பி ஒன்று இருக்க வேண்டும். அதை மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது புதுப் பெயின்ட்டின் மேல் முடுக்கியிருக்கிறீர்கள். ஸ்டார்ட்டரின் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகச் சோக் கேபிள் வழியே திரும்புகிறது. இரு முனைகளிலும் பெயின்ட்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய வண்டியில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு) இருந்தால், ஆல்டர்னேட்டர் போடும் முன் அதை நெகட்டிவாக மாற்ற மறக்காதீர்கள். தலைகீழ் இணைப்பில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நொடியில் கருகிவிடும்.

கேள்வி (ஈரோடு): பழைய 1489 சி.சி. இன்ஜினையே வைத்துக்கொண்டு, வலுவான கேம் ஷாஃப்ட் போட்டேன். 500 கி.மீ.க்குள் டேப்பெட் சத்தம். கிளியரன்ஸ் வைத்தால் சில நாள்களில் மீண்டும் சத்தம் வருகிறது. கூடவே கிளட்ச் பக்கம் ஆயிலும் ஒழுகுகிறது.

பதில்: கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி, மீண்டும் மீண்டும் கூடுவது ராக்கரின் குற்றமன்று, வால்வைத் திறக்கும் கேமின் முகடும் அதன்மேல் அமர்ந்த டேப்பெட்டின் அடியும் தேய்ந்து வருகின்றன என்பதே அதன் பொருள் என்று அஞ்சுகிறேன். டயல் கேஜை ஒவ்வொரு புஷ் ராடின் தலையிலும் வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, எட்டுத் தண்டுகளின் ஏற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடும் ஒப்பிட்டால், தேய்ந்தது எது என்று தெரிந்துவிடும். கிளியரன்ஸ் 0.015 அங்குலம் வைக்கும்போது ஒன்பது கணக்கைப் பின்பற்றினீர்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள்: எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதை, ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை என்று, கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வர வேண்டும்.

தேய்மானத்துக்கு வழக்கமான காரணம், புதுக் கேமோடு பழைய டேப்பெட்டுகளைப் போட்டது. டேப்பெட்டின் அடிப்பரப்பு மெல்லிய குவிவாகவும் கேமின் முகடு சற்றுச் சரிவாகவும் கடையப்பட்டிருப்பதால்தான், டேப்பெட் ஒவ்வொரு தட்டலிலும் சிறிது சுழன்று தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அடி தட்டையாகிப்போன பழைய டேப்பெட் சுழலாமல் ஒரே கோட்டில் அரைக்கும். வால்வு ஸ்பிரிங்கும் வலுவானதாக இருந்தால் அழிவு விரைந்து வரும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டுவதும், துத்தநாக பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவுள்ள 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுவதும் கட்டாயம். கேமும் டேப்பெட்டுகளும் மீண்டும் புதிதாகத்தான் வேண்டும். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி இரும்புத் துகளைக் கழுவாமல் அதைச் செய்யாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஆயில் ஒழுக்கைப் பொறுத்தவரை, இந்த இன்ஜினின் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு வரி ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் அந்த வரி தோற்றுவிடும். ஆகவே அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கம்ப்ரெஷன் சோதனை செய்து ரிங்குகள் அமர்ந்துவிட்டனவா என்று அறியுங்கள். நிறுத்தி வைத்த இடத்தில் சில துளிகள் விழுவது இந்த இன்ஜினுக்கு இயல்பு.

கேள்வி (திருநெல்வேலி): இசுசு இன்ஜின் நெரிசலில் கொதிக்கிறது, நெடுஞ்சாலையில் கொதிப்பதில்லை. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடலாமா?

பதில்: சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுக்க வேண்டாம். நின்றால் கொதித்து ஓடினால் ஆறுவது காற்றோட்டக் குறை. மின்விசிறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா, ரேடியேட்டரைச் சுற்றி உறை இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மாறாக வேகத்தில் மட்டும் கொதித்திருந்தால், உப்புப் படிந்த ரேடியேட்டரையோ உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸையோ சந்தேகிக்கச் சொல்லியிருப்பேன்.

கேள்வி (புதுச்சேரி): புதிதாகப் போட்ட பெட்ரோல் ஹோஸ் ஆறு மாதத்தில் பிசுபிசுத்துவிட்டது, சூட்டில் இன்ஜின் நின்றும் விடுகிறது.

பதில்: இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் ஃபுளூரோ ரப்பர் உள்ளுறை கொண்ட ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், பம்ப் டயஃப்ரம் மூன்றையும் ஒருசேர மாற்றுங்கள். ஒரு பங்கு தூய பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்கு போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழையதாகவே இருந்தால் இன்ஜின் மெலிந்த கலவையில் சூடாக ஓடுவது இதனால்தான். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிவைத்து, பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் நிற்காமலிருக்க, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் போனால் அதைத் தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி (சென்னை): 1972ஆம் ஆண்டு வண்டிக்கு இசுசு இன்ஜின் ஏற்றினால் விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2021இல் வந்த விதியின்படி, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியிருப்பதோடு, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கே அந்தப் பதிவு உண்டு. சாதாரணப் பதிவிலேயே ஓட்டுவதானாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், பழைய இன்ஜினை இறக்கும் முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள். இறக்கிய பிறகும் அதை எடைக்குப் போடாமல், சிலிண்டரில் ஆயில் ஊற்றி, துளைகளை மூடி, எண்ணிட்ட தகட்டோடு பத்திரப்படுத்துங்கள்.