கத்திரி வெயிலில் காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை வந்து சேரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: "இதற்கு என்ன உரம் கொடுக்கலாம்?" இம்முறை எடுத்துக்கொண்ட கேள்விகளில் அநேகமாக எதற்கும் உரம் விடையல்ல. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும் அக்னி நட்சத்திர நாள்களில், வெயிலைத் தாங்கவே திணறும் செடிக்கு மேலும் மேலும் ஊட்டம் கொடுப்பதைவிட, அதன் வேரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதும் தொல்லையின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவதுமே பயன் தரும்.

தை மாதம் மொட்டை மாடியில் நட்ட தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. ஆனால் பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. பஞ்சகவ்யம் பலமுறை தெளித்தும் பலனில்லை. (சென்னை)

உங்கள் செடியில் குறை ஏதும் இல்லை. குறை பருவத்தில் இருக்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால், தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடி தானே உதிர்த்துவிடும். பலரும் பகல் வெயிலை மட்டுமே குற்றம் சொல்கிறார்கள். உண்மையில், பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெளிவிடும் கான்கிரீட் தளம்தான் மாடித் தோட்டத்துத் தக்காளிக்குப் பெரிய பகை. நிலத்தில் நட்ட செடிக்கு இந்தத் தொல்லை ஓரளவு குறைவு.

35 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைச் செடிகளுக்கு மேலே, காற்று போய்வர இடம் விட்டு உயரத்தில் கட்டுங்கள். தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் அல்லது மரச்சட்டத்தின் மேல் ஏற்றி வையுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்பதால், காலை வேளையில் பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் சில காய்களாவது பிடிக்கும். இலை அடர்ந்து கரும்பச்சையாக இருக்கிறதென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏற்கெனவே மிகுந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஊட்டக் கரைசல்கள் இலையைத்தான் பெருக்கும், காயைத் தராது. கொத்தாகக் காய்க்கும் சிறிய செர்ரித் தக்காளி வெப்பத்தை இதைவிடச் சற்று நன்றாகத் தாங்கும்.

பிடித்த ஒன்றிரண்டு தக்காளியும் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் உள்ளொடுங்கிவிடுகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை.

காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது இது. கிருமியால் வரும் நோயல்ல. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், அதைக் காய்வரை சுமந்து செல்வது தண்ணீர்தான். ஒரு நாள் தொட்டி காய்ந்து வெடிக்க விட்டு மறுநாள் வழிய வழிய ஊற்றினால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். முட்டை ஓடு மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்கும் முன்பு இந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அடுத்த கொத்துக் காய்கள் நன்றாக வரும்.

நண்பகலில் எல்லாச் செடிகளும் துவண்டு தொங்குகின்றன. மதியமும் ஒருமுறை தண்ணீர் ஊற்றலாமா? (மதுரை)

துவண்ட செடி மாலையில் தானாகவே நிமிர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். அகன்ற இலை கொண்ட பூசணி, சுரை, கத்தரி ஆகியவை வேர் உறிஞ்சும் அளவைவிட அதிக நீரை ஆவியாக விடும்போது இப்படித் தொங்கும். காலை எட்டு மணிக்குள் நிறைய ஊற்றி, மாலையில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் மறுபடி ஊற்றுங்கள். மதியம் குழாயைத் திறந்தவுடன் வரும் கொதிநீர் வேரில் படவே கூடாது. மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை என எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு இரண்டு அங்குல மூடாக்குப் போட்டால், ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி வீணாகாமல் நிற்கும்.

விடியற்காலையிலும் துவண்டே நிற்கும் செடியைத்தான் கவனிக்க வேண்டும். அடித் துளை அடைத்து நீர் தேங்கியிருக்கலாம். வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் முடிச்சுகள் இருக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் என்றால் பாக்டீரியா வாடலாகவும் இருக்கலாம். அடித்தண்டை வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியை மண்ணோடு அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மண்ணில் இதே குடும்பத்துச் செடிகளை மறுபடி நடவும் கூடாது.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றுவோர் மண்ணின் மேல் வெண்படலம் படிவதைப் பார்த்திருப்பார்கள். கிடைக்கும்போது நல்ல தண்ணீரை அடித் துளை வழியே வெளியேறும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். சரியாகக் கழுவாத தென்னை நார்க்கழிவும் இதே தொல்லையைத் தரும்.

மிளகாய்ச் செடியில் இலைகள் சுருண்டுவிட்டன. புளித்த மோர், இஞ்சி-பூண்டுக் கரைசல், வேப்பெண்ணெய் எல்லாம் அடித்துவிட்டேன். (திருச்சி)

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பதை எழுதியிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். இலையோரங்கள் மேல்நோக்கி மடிந்து படகுபோல் குவிந்திருந்தால் காரணம் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு தெரிந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. நுனி முழுவதும் கொத்தாகக் குறுகி, வளர்ச்சியே நின்று, நரம்புகள் வெளிறியிருந்தால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி (வைரஸ்) என்று கொள்ளலாம். சந்தேகமிருந்தால் வெள்ளைத் தாளின் மேல் நுனிக்கிளையைத் தட்டிப் பாருங்கள்; மெலிந்த, மஞ்சள் நிறப் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன்தான்.

இலைப்பேன் வறண்ட வெயிலில்தான் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, மறுநாள் மாலை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புடன் நன்றாகக் கலக்கித் தெளியுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று வாரங்கள் தொடர வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டுப் பலனில்லை என்று வேறொன்றுக்குத் தாவுவதால்தான் எதுவும் பலிப்பதில்லை. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) நல்ல மருந்து. ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது அது இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் அதைத் தெளிக்கக் கூடாது. ஆகவே சமவெளியில் இப்போதைக்கு அதை மறந்துவிட்டு, பாதித்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, இலையடியைத் தண்ணீரால் கழுவி வருவதே நல்லது. நச்சுயிரி என்று உறுதியானால் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மருந்தில்லை, விற்பவர் எதைச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

வெண்டைச் செடியின் இலைகள் மஞ்சளாகின்றன. இரும்புச் சத்துக் குறையா?

இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறையாக இருக்கலாம். நரம்புகள் மஞ்சள் வலைபோல் தெரிய, இடைப்பகுதி பச்சையாக இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இரண்டாவது. இதையும் வெள்ளை ஈதான் கடத்துகிறது. முதல் செடியில் தெரிந்தவுடன் அதைப் பிடுங்கி, மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடியின் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்நோயைத் தாங்கும் இரகமாக வெளிவந்தது. நாளடைவில் அந்தத் தாங்குதிறன் பல இடங்களில் தளர்ந்துவிட்டதால் இரகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. வெளிறிய காய்களைச் சமைத்துச் சாப்பிடுவதால் தீங்கில்லை.

பீர்க்கங்கொடியில் ஆண் பூக்களே பூக்கின்றன. அபூர்வமாக வரும் பிஞ்சும் மஞ்சளாகி வெம்பி விழுகிறது. (சேலம்)

வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூக்கள் முந்திக்கொள்வது இயல்பு. நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டும். தழைச்சத்து மிகுந்த உரமும் அவ்வாறே செய்யும். பெண் பூக்களைக் கூட்ட, கொடி இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போதே எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கும் முறை வயல்களில் உண்டு. பந்தலேறிய கொடிக்கு அது பயன்படாது, வீட்டுக்கு அது தேவையும் இல்லை.

விழுந்த பிஞ்சைப் பிளந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே புழு இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கம்பூ மாலையில் விரிவது. சுரையும் புடலையும் மாலைக்கு மேல்தான் விரியும். பாகலும் பூசணியும் அதிகாலையில். எனவே பீர்க்குக்குக் காலை ஏழு மணிக்குக் கை மகரந்தச் சேர்க்கை செய்வோர் நேரம் தவறிச் செய்கிறார்கள். மாலை ஆறு மணி வாக்கில் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

புழு இருந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. பிஞ்சின் தோலில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளியும் அதில் பிசின் கசிவும் தெரியும். மகரந்தம் சேர்ந்த மறுநாளே பிஞ்சைக் காகித உறையாலோ மெல்லிய துணிப்பையாலோ மூடிக் கட்டுங்கள். விழுந்தவற்றை மட்கு தொட்டியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் இந்த வெயில் ஓர் உதவியாவது செய்யும்.

மாசியில் ஊன்றிய பந்தல் அவரை மாடி முழுக்கப் படர்ந்தும் ஒரு பூ இல்லை.

கார்த்திகை, மார்கழி வரை பூக்காது. நாட்டுப் பந்தல் அவரைக்குப் பகற்பொழுது குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். எந்தக் கரைசலாலும் அதை ஏமாற்ற முடியாது. கொடியை எடுத்துவிட்டு ஆடியில் மறுபடி ஊன்றுங்கள். ஆண்டு முழுதும் அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற குத்துச்செடி இரகங்கள் உள்ளன. இப்போதைய வெயிலுக்குக் கொத்தவரையும் காராமணியும் இவற்றைவிடப் பொருத்தம்.

கத்தரியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. கழுவினாலும் திரும்ப வருகிறது.

எறும்பைத் தடுக்காதவரை வந்துகொண்டுதான் இருக்கும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி சுமந்தும் செல்லும். தொட்டி வைத்த சட்டத்தின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பின் சோப்புக் கரைசல் தெளியுங்கள். கடும் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபாகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. மருந்தடித்தால் இத்தகைய குளவிகளும் பொறிவண்டுகளும்தான் முதலில் சாகும்.

இந்த வெயிலில் எந்தக் கீரை வரும்?

முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை மூன்றும் வலை நிழலில் தாராளமாக வரும்; முளைக்கீரையை 25 நாளில் பறித்துவிடலாம். பாலக்கும் கொத்தமல்லியும் சீக்கிரம் பூத்துவிடும். விதையை எறும்பு தூக்கிச் செல்கிறதென்றால் ஓரமாக ஒரு பிடி அரிசி நொய்யைத் தூவுங்கள்.

ஆடிப்பட்டத்துக்கு இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

விதைக்குச் செடியிலேயே முற்ற விடுங்கள்: வெண்டை காய்ந்து வெடிக்கும் நிலைக்கும், கத்தரி முழுதும் மஞ்சளாகும் நிலைக்கும் வர வேண்டும். நோயில்லாத செடியில் மட்டும் எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வீரிய ஒட்டு விதையில் வளர்ந்த செடியிலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

முடிந்துபோன தொட்டிகளின் மண்ணுக்கு இந்த வெயிலைப் போன்ற மருந்து வேறில்லை. வேர்களை நீக்கி, மண்ணைத் தளத்தில் அரையடி உயரத்துக்குள் பரப்பி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களைக் காற்று புகாமல் அழுத்தி வையுங்கள். கறுப்புத் தாளில் இவ்வளவு சூடு ஏறாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் நூற்புழு, களை விதை, வாடல் கிருமிகள் பெரும்பாலும் குறைந்துவிடும். பாக்டீரியா வாடல் கண்ட மண்ணை மட்டும் இதிலும் சேர்க்காதீர்கள். வைகாசிக் கடைசியில் தாளை எடுத்ததும் மண்புழு உரத்தையும், தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்து, லேசான ஈரத்துடன் இரண்டு வாரம் ஆற விட்ட பிறகு விதைகளை ஊன்றுங்கள்.