டெக்னோ, ஹவுஸ் போன்ற மின்னணு நடன இசை கேட்கக் குறைந்த விலையில் நல்ல பாஸ் தரும் ஸ்பீக்கர் எது?

முதலில் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸை மறந்துவிடுங்கள். 'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி) என்பதற்கும் பாஸுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இசையின் உயிர் கிக் டிரம்மில், அதாவது 'தும் தும்' என்ற கனமான அடியில் இருக்கிறது. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் நீண்டு அதிரும். அந்த ஆழத்தில் சத்தம் எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்று தேவை. 3 அங்குல வூஃபர் (பாஸ் எழுப்பும் கூம்பு) இதற்குத் தாங்காது. குறைந்தது 5 அங்குலம் பாருங்கள். '45 ஹெர்ட்ஸ் முதல்' என்று போட்டிருந்தால், பக்கத்தில் ±3 டெசிபல் (சத்தம் அந்த அளவுக்குள்தான் ஏறி இறங்கும் என்று பொருள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

என் பரிந்துரை: சப்வூஃபருக்கான (ஆழமான பாஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) அவுட்புட் உள்ள ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கரை (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) இப்போது வாங்குங்கள். அப்புறம் காசு சேரும்போது 8 அல்லது 10 அங்குல சப் ஒன்றைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரித்துவிடுங்கள்: அதற்குக் கீழே உள்ளது சப்புக்கு, மேலே உள்ளது ஸ்பீக்கருக்கு.

சப்பை எங்கே வைப்பது? நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்து, பாஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். ஓரிடத்தில் கிக் குழைந்துபோகும், இரண்டடி தள்ளினால் தெளிவாக அடிக்கும். தெளிவாகக் கேட்கும் இடத்தில் சப்பை வையுங்கள். மூலையில் வைத்தால் பாஸ் கூடும், ஆனால் பெரும்பாலும் ஒரே சுருதியில் 'பூம்' என்று முழங்கும். அது நல்ல பாஸ் இல்லை.

வாடகை வீடா? சப்புக்கு அடியில் தடித்த ஃபோம் வையுங்கள், தரைக்குப் போகும் அதிர்வு கொஞ்சம் குறையும்.