கல்லறைக்கு ஆசிட் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. பொங்கல் கழிந்ததும் ஜேசிபி வைத்து முள்ளை எடுத்து, கற்களை ஆசிட்டில் கழுவி, வெடிப்புகளில் சிமெண்ட் பூசி வெள்ளையடிக்கப் போகிறோம். சபையும் சம்மதித்துவிட்டது. வேறென்ன செய்யவேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் முன்வந்ததே பெரிய காரியம். ஆனால் ஜேசிபி, ஆசிட், சிமெண்ட், வெள்ளை நான்கையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முதல் வேலை கல்லில் இருக்கும் எழுத்தைப் பதிவுசெய்வதுதான். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். சாய்வெயிலில் படம் எடுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்குக் கண்ணாடி பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் மங்கிய எழுத்தும் எழும்பும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள். வேலூரில் பாலாற்றங்கரையில் இலங்கையின் கண்டி அரசர் விக்கிரம ராஜசிங்கனுக்கு நினைவிடமாக முத்து மண்டபம் இருக்கிறது. உங்கள் ஊரில் படுத்திருப்பவர்களுக்கு அந்த நாலு வரிதான் இருக்கிறது.

முள்ளை அரிவாளால் வெட்டுங்கள். ஜேசிபி ஏறினால் மண்ணில் புதைந்த கல்பலகைகள் உடையும். வேரைத் தோண்டினால் குழிகள் கலையும். வெட்டிய உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவினால் போதும். செங்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றுக்கும் இதே வழிதான். பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும். வெட்டிய முள்ளை அங்கேயே எரிக்கவும் கூடாது, சூட்டில் கருங்கல் செதில் செதிலாக உரியும்.

கழுவத் தண்ணீரும் தேங்காய்நார்ப் பிரஷும் போதும். ஆசிட் பளிங்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் கரைத்துவிடும், கருங்கல்லில் துருக்கறை விடும்.

அந்தக் காலத்துக் கல்லறைகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் பூசினால் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில வருடங்களில் செங்கல் மாவாக உதிரும். மேலே பூச்சு மட்டும் கெட்டியாக நிற்கும். ஆகவே நன்றாக ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்க்கும் கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். செங்கல்லை முதலில் நனைத்து, மெல்லிய இரண்டு அடுக்காகப் பூசி, பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்துங்கள்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தச் சிமெண்ட் பீடம் கட்டவேண்டாம். விழும் நிலை என்றால் மணல்மேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பொங்கலுக்குப் பிறகு தொடங்குவது நல்லதே. மாசிக்குள் பூச்சை முடித்துவிடுங்கள். பங்குனி வெயிலில் நம் பக்கம் சுண்ணாம்பு இறுகுவதற்குள் காய்ந்து வெடித்துவிடும்.