சமகாலக் காதல் நாவல்களையும் வரலாற்று மர்ம நாவல்களையும் ஒருவரே விரும்பிப் படிப்பது எப்படி?

இந்த இரண்டு வகைகளையும் விரும்பிப் படிப்பதாகவும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இவ்விரண்டையும் ஒருவரே ரசிப்பது ரசனைக் குழப்பம் என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கிடையே உண்மையில் ஏதேனும் உறவு உண்டா, எந்த முறையில் படித்தால் இரண்டும் சுவைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உறவு உண்டு, அது நெருங்கிய உறவு. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். பொருட்பாலில் உள்ள 71ஆம் அதிகாரம், அரசன் வாய் திறந்து சொல்லாததையும் அவன் முகத்தைக் கொண்டே அறிந்துகொள்ளும் திறனைப் பற்றியது. காமத்துப்பாலில் உள்ள 110ஆம் அதிகாரத்திலோ, தான் பார்க்கும்போது நிலத்தைப் பார்ப்பவள், தான் பாராதபோது தன்னைப் பார்த்து மெல்லச் சிரிப்பதைக் கண்டுகொண்ட ஒருவன் பேசுகிறான். ஆட்சி, காதல் என்று களங்கள் வேறானாலும் இரண்டு இடத்திலும் நடக்கும் வேலை ஒன்றுதான் என்பதால் வள்ளுவருக்கு ஒரே தலைப்பு போதுமாக இருந்திருக்கிறது. வரலாற்று மர்ம நாவலும் சமகாலக் காதல் நாவலும் எனக்குத் தருவது இந்தக் குறிப்பறிதலின் இன்பத்தைத்தான்.

மர்ம நாவல்கள் என்று பொதுவாகச் சொல்லாமல் வரலாற்று மர்ம நாவல்கள் என்று நீங்கள் பிரித்துச் சொன்னது முக்கியமானது. இன்றைய காலத்தில் நடக்கும் துப்பறியும் கதையில் குற்றத்தின் பெரும்பகுதியை ஆய்வுக்கூடம் அவிழ்த்துவிடுகிறது. கைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது, கண்காணிப்புக் கேமராவில் பதிவானது யார், மரபணு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வந்துவிட்டால் துப்பறிபவர் மனிதர்களோடு பேச வேண்டிய தேவையே குறைந்துவிடும். கதையைக் கொஞ்சம் பின்னே தள்ளிப் பாருங்கள். மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை 1984இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அர்ஜென்டினாவில் ஒரு கொலை வழக்கைக் கைரேகை முடித்துவைத்தது 1892இல். ஒரு கறை மனித ரத்தமா, விலங்கின் ரத்தமா என்று பிரித்தறியும் நம்பகமான சோதனை 1901இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில், சட்டையில் ரத்தத்தோடு பிடிபட்டவன் ‘ஆட்டை அறுத்தேன்’ என்று சொன்னால், அது பொய் என்று எந்த மருத்துவராலும் நிரூபிக்க முடியாது. ஆர்செனிக் நஞ்சைச் சிறிய அளவிலும் உறுதியாகக் காட்டும் மார்ஷ் சோதனை 1836இல் வெளியானது. அதுவரை ஆர்செனிக் கொடுத்துக் கொல்லப்பட்டவர்கள் பலர் காலராவில் இறந்ததாகவே கருதப்பட்டுப் புதைக்கப்பட்டிருக்கக்கூடும், ஏனெனில் வாந்தியும் பேதியும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

நல்ல வரலாற்று மர்ம நாவலாசிரியர் இந்தப் பற்றாக்குறையைத்தான் தன் முதலீடாகக் கொள்கிறார். கருவி இல்லாத துப்பறிபவர் மனிதர்களைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். யார் அழவில்லை, யார் அளவுக்கு மீறி அழுதார்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது யார் என்பவைதாம் அவரிடம் உள்ள சான்றுகள்.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு நாவலிலிருந்து வந்ததன்று. சீனாவில் சோங் சி என்ற நீதி அதிகாரி 1247இல் எழுதிய பிண ஆய்வு நூலில் அந்த நிகழ்ச்சி வருகிறது. சாலையோரத்தில் ஒருவன் அரிவாளால் வெட்டப்பட்டுக் கிடக்கிறான்; உடலில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள் இருந்தும் அவனுடைய பொருள்கள் அப்படியே இருக்கின்றன. கொள்ளையனுக்கு வேண்டியது பொருள்தானே, இத்தனை வெட்டு ஏன் என்று யோசிக்கிற அதிகாரி, இது பகையால் நடந்த கொலை என்று முடிவு செய்து, இறந்தவனின் மனைவியிடம் அவனுக்கு யாரோடு விரோதம் என்று விசாரிக்கிறார். விரோதம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அண்மையில் ஒருவன் கடன் கேட்டு வந்து கிடைக்காமல் போனான் என்கிறாள். அந்த வட்டாரத்தில் உள்ள எல்லா வீடுகளிலிருந்தும் அரிவாள்களைக் கொண்டுவரச் செய்து, எழுபது எண்பது அரிவாள்களைத் தரையில் வரிசையாக வைக்கிறார்கள். வெயில் காலம். ஈக்கள் வந்து ஒரே ஓர் அரிவாளில் மட்டும் மொய்க்கின்றன. கழுவப்பட்ட அரிவாள்தான்; ஆனாலும் ரத்தத்தின் வாடையை ஈ அறியும். அது கடன் கேட்டு வந்தவனின் அரிவாள்.

ஈக்கள் வியப்பூட்டுவது உண்மைதான் என்றாலும், அதற்கும் முன்னால் அந்த அதிகாரி பொருள்கள் களவு போகவில்லை என்பதைக் கவனித்த இடமே என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. இல்லாத ஒன்றைப் பார்ப்பது கடினம். வரலாற்று மர்ம நாவல் அந்தப் பார்வையை வாசகருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறது.

இந்த வகையின் வரலாறு நீளமானது. அகதா கிறிஸ்டி 1944இலேயே, ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் நடக்கும் கொலைக் கதை ஒன்றை எழுதினார். எல்லிஸ் பீட்டர்ஸ் 1977இல் தொடங்கிய வரிசையில், மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் துப்பறிகிறார். உம்பெர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட நாவல் 1327ஆம் ஆண்டில் ஒரு மடாலயத்தில் ஏழு நாட்களில் நடந்து முடிகிறது. அதன் பகுதிகள் அங்கே நடக்கும் வழிபாட்டு வேளைகளின் பெயரால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இதை ஓர் அலங்காரமாக நான் கருதவில்லை. மக்கள் கையில் கடிகாரம் இல்லாத உலகத்தில் ‘ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நான் அங்கே இல்லை’ என்று யாராலும் சொல்ல முடியாது. ‘மாலை வழிபாட்டுக்கு அவர் வந்திருந்தாரா’ என்றுதான் கேட்க முடியும். நூறு பேர் கூடிய இருட்டான வழிபாட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று உறுதியாகச் சொல்பவர் யார்? காலத்தை அளக்கும் முறை மாறியதும் சாட்சியத்தின் தன்மையே மாறிவிடுகிறது. இத்தகைய இடங்களில்தான் வரலாறு கதைக்குத் திரைச்சீலையாக நிற்காமல் கதையின் எலும்பாக ஆகிறது.

இப்போது சமகாலக் காதல் நாவலுக்கு வருகிறேன். பழைய காதல் கதைகளில் காதலர்களைப் பிரிக்க வெளியே எத்தனையோ தடைகள் இருந்தன. குடும்பத்தின் மறுப்பு, சொத்து, தொலைவு, வந்து சேராத கடிதம் என்று எழுத்தாளர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய கதையில் இருவரும் படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள், தனியாக வாழ்பவர்கள். நினைத்த நொடியில் பேசிவிடக் கைபேசி இருக்கிறது. அப்படியானால் முந்நூறு பக்கங்களுக்கு அவர்களைத் தடுத்து நிறுத்துவது எது? அவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒன்றுதான். முன்பு ஏமாந்தது, தகுதி பற்றிய ஐயம், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது என்று சிறு வயதிலேயே எடுத்த முடிவு. வரலாற்று மர்ம நாவலில் கருவிகள் இல்லாததால் மனிதரைப் படிக்க வேண்டியிருக்கிறது. சமகாலக் காதல் நாவலில் எல்லாக் கருவிகளும் இருந்தும் மனிதரைப் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் இது எனக்கு விளங்கியது.

நான் படித்த ஒரு காதல் நாவலில் இப்படி ஒரு காட்சி. முதல் நாள் ஏற்பட்ட மனத்தாங்கலுக்குப் பிறகு அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுமுனையில் அவன் தட்டச்சு செய்வதைக் காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றுகின்றன, மறைகின்றன, மறுபடி தோன்றுகின்றன. நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு வந்த செய்தி ‘சரி’ என்ற ஒற்றைச் சொல். அவள் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். அடுத்த அத்தியாயம் அவன் பார்வையில் தொடங்குகிறது. அந்த நாற்பது நிமிடங்களில் அவன் எழுதி அழித்த ஐந்து செய்திகளையும் நாம் படிக்கிறோம். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்த பிறகு, அந்த ‘சரி’ வேறு சொல்லாகிவிடுகிறது. மர்ம நாவலில் ஆசிரியர் வாசகரிடமிருந்து ஒன்றை மறைக்கிறார். இருவர் பார்வையும் மாறி மாறி வரும் காதல் நாவலில் வாசகருக்கு எல்லாம் தெரியும், பாத்திரங்களுக்குத்தான் தெரியாது. முன்னதில் நாம் துப்பறிபவரின் பின்னால் ஓடுகிறோம்; பின்னதில் காதலர்களுக்கு முன்னே போய் அவர்கள் வந்து சேரக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன சுவை என்று உங்கள் நண்பர்கள் கேட்டிருப்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். காதல் நாவலுக்கு மையத்தில் ஒரு காதல் கதையும், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவும் வேண்டும் என்பது 1980இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காதல் நாவலாசிரியர் சங்கத்தின் வரையறை. அதைப் போலவே, கொலையாளி யார் என்று கடைசியில் தெரிந்துவிடும் என்ற உறுதி மர்ம நாவலிலும் உண்டு. இரண்டும் வாசகருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வகைகள். அந்த வாக்கின் மதிப்பை நான் உணர்ந்தது, என் தாயார் அறுவை சிகிச்சைக்குப் பின் ஏழு வாரங்கள் படுக்கையில் இருந்தபோதுதான். இரவுகளில் அருகில் உட்கார்ந்து கைபேசியின் மங்கிய வெளிச்சத்தில் படிப்பேன். எந்த நேரத்திலும் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினாலும் அந்த இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். நாளை என்னவாகும் என்று தெரியாத ஓர் அறையில், நன்றாக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று கையில் இருந்தது. அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லி ஒதுக்க என்னால் முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் அம்மா ‘இல்லப்பா’ என்றுதான் சொல்வார். ஆனால் அப்படிச் சொல்லும்போது வலது கைவிரல்கள் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கும். மூன்றாம் நாள் அதைக் கவனித்தேன். அதன் பிறகு செவிலியரிடம் அம்மாவின் சொல்லைச் சொல்லவில்லை, கையைச் சொன்னேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வரலாற்று மர்ம நாவல்களில் என்னைப் பொறுமையிழக்கச் செய்வது, பழைய உடையணிந்த இன்றைய மனிதர்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதாநாயகி, தன் காலத்தின் எந்த நம்பிக்கையும் தன்னைத் தீண்டாதவளாக, நம் கருத்துகளை நம் சொற்களிலேயே பேசும்போது அந்தக் காலமே கரைந்துபோகிறது. பாவம், சகுனம், சாபம் ஆகியவற்றை மெய்யாகவே நம்பும் ஒருவர், அந்த நம்பிக்கையோடு போராடியபடியே உண்மையைத் தேடுவதுதான் எழுதக் கடினமானது, படிக்கவும் நிறைவானது. காதல் நாவல்களில், ஐந்து நிமிடம் நேர்மையாகப் பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலை நூறு பக்கங்களுக்கு இழுப்பது பெரிய குறை. பல நாவல்களில் முக்கால் பங்கு முடிந்ததும் ஒரு பிரிவு வந்தே தீர வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது. அந்தப் பிரிவு அவர்களுடைய இயல்பிலிருந்து பிறந்ததா, பக்கக் கணக்கிலிருந்து பிறந்ததா என்பதை வைத்தே நான் அந்த ஆசிரியரின் அடுத்த நூலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

எந்த முறையில் படிப்பது என்ற கேள்விக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு மர்ம நாவலுக்குப் பின் ஒரு காதல் நாவல். ஒரே வகையில் தொடர்ந்து மூன்று நான்கு படித்தால் உத்திகள் கண்ணில் படத் தொடங்கி மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள். மர்ம நாவலை முடித்த உடனேயே, புத்தகத்தை மூடாமல், முதல் இரண்டு அத்தியாயங்களை மறுபடி படியுங்கள். கொலையாளி முதன்முதலில் அறைக்குள் வரும் பத்தியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முதல் வாசிப்பில் வெறும் வருணனையாகக் கடந்துபோன ஒரு சொல், இப்போது தனியாக எழுந்து நிற்கும். காதல் நாவலுக்கும் இதையே செய்யலாம். இருவரும் முதலில் சந்தித்துச் சண்டையிட்ட பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். அவன் அப்போதே ஒரு முறை, அவள் பார்க்காத நேரத்தில், அவள் பக்கம் திரும்பியிருப்பான். ஆசிரியர் அதை அரை வரியில் எழுதியிருப்பார்.