அப்பாவோட லாட்டரி பழக்கத்துக்கு மாத்திரை காரணமா இருக்குமா?

கோயமுத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 69 வயசு, ரிடையர்டு வாத்தியார், சீட்டுக்கட்டக்கூட தொட்டதில்லையாம். பார்க்கின்சன்ஸுக்கு (உடம்பு இறுகி, நடுங்குற நரம்பு நோய்) குடுக்குற பிராமிபெக்சோல் மாத்திரை டோஸ் ஏத்தி நாலஞ்சு மாசத்துல, வாரத்துக்கு மூணு தடவ பஸ் ஏறி வாளையார் போய் கேரளா லாட்டரி வாங்க ஆரம்பிச்சுட்டாரு, ஒரு எஃப்டியையும் உடைச்சாச்சு, கேட்டா கத்துறாரு. மாத்திரையால இப்படி ஆகுமா?

ஆகும்மா. நீங்க சொல்ற விதத்தப் பாத்தா எனக்கு முதல் சந்தேகமே மாத்திரை மேலதான். பார்க்கின்சன்ஸ்ல மூளைல டோபமின்ங்கற ரசாயனம் குறையுது, பிராமிபெக்சோல், ரோபினிரோல் ரெண்டும் அந்த டோபமின் செய்யுற வேலைய செய்யுது, அதனாலதான் இறுக்கம் நடுக்கம் குறையுது. ஆனா ஆசை, ஜெயிச்ச சந்தோஷம் இதெல்லாம் பாத்துக்குற பகுதிய ஆரம்பத்துல நோய் அவ்வளவா தொட்டிருக்காது, அங்கயும் இதே மருந்து போய்ச் சேரும்போது தூண்டுதல் ஓவராயிடுது. சிலருக்கு சூதாட்டம், சிலருக்கு கண்டதையும் வாங்கிக் குவிக்கிறது, சிலர் ராத்திரி எந்திரிச்சு சாப்பிட்டுட்டே இருப்பாங்க. அமெரிக்கா, கனடால 3,000 நோயாளிகளுக்கு மேல பாத்து 2010ல வந்த ஆய்வுல, இந்த வகை மாத்திரை சாப்பிடறவங்கள்ல சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. நடுக்கம் எப்படி இருக்கு, மலச்சிக்கல் இருக்கான்னு நாங்க கேப்போம், பணம் எங்க போகுதுன்னு பெரும்பாலும் கேக்குறதில்ல, அது டாக்டருங்க தப்புதான்.

தயவுசெஞ்சு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. சட்டுனு நிறுத்தினா பதட்டம், வேர்வை, உடம்புவலி, மனசு ஒடிஞ்சு போறதுன்னு வேற கஷ்டம் வரும், உடம்பும் இறுகிப் போயிடும். நியூராலஜிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, தேவைப்பட்டா லெவோடோபாங்கற இன்னொரு பார்க்கின்சன்ஸ் மருந்த அட்ஜஸ்ட் பண்ணுவாரு. நிறைய பேருக்கு சில வாரத்துல இருந்து சில மாசத்துக்குள்ள அந்த வெறி தணியுது, எல்லாருக்கும் முழுசா போகும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் ஏடிஎம் கார்டு, பாஸ்புக் உங்க கைல இருக்கட்டும், பிடுங்காதீங்க, "மாத்திரை பண்ற வேலைப்பா, உங்க தப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு வாங்குங்க. எப்ப டோஸ் ஏத்துனாங்க, எப்ப லாட்டரி ஆரம்பிச்சதுன்னு தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க.

அம்மாகிட்டயும் தனியா கேளுங்க. படுக்கை விஷயத்துல அப்பா ரொம்ப தொந்தரவு பண்றாரான்னு, ஏன்னா இதே மாத்திரை அதையும் கெளப்பி விடும், இந்த வயசுல யார்கிட்ட சொல்றதுன்னு அவங்க மனசுக்குள்ளயே வெச்சுட்டு இருக்கலாம்.