மூன்றாவது சென்சார் வாங்க வேண்டாம்
அண்ணே, ரெயில் பிரஷர் சென்சாரை (இன்ஜினுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) இரண்டு தடவை மாற்றியும் பி0193 என்ற கோளாறு எண் திரும்ப வருகிறது, லாரி மேடு ஏற மறுக்கிறது என்றால் வயரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். சென்சாரின் சிக்னல் வோல்ட் அளவுக்கு மேல் போகிறது என்பதே அந்த எண்ணுக்கு அர்த்தம், எர்த் வயர் அறுந்தாலே அப்படிக் காட்டும். சாக்கெட்டைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் வரவேண்டும். வரவில்லையா, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பாருங்கள். அப்போது 5 வந்தால் எர்த் போயிருக்கிறது. எல்லாம் சரி என்றால் சாக்கெட்டை மாட்டிவிட்டு, வயர் பக்கமிருந்து சிக்னல் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, ஆட்டுங்கள், எகிறும் இடத்தில்தான் கோளாறு. நானாக இருந்தால் பிராக்கெட்டில் உரசும் இடத்தை முதலில் பார்ப்பேன். அப்புறம், பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் வேண்டவே வேண்டாம், இசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) அடிவாங்கும்.